மதிலில் வந்த தோணி

வெகு காலத்துக்கு முன்பு, கடலோரத்து ஆழித்துறை நாட்டைக் கோமாறன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்ல மனிதன்தான், ஆனால் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் மூன்று முறை மனசு மாறும். கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதே அவனுக்கு நியாயம்.

அவன் அரண்மனைக்கு வெள்ளையடிக்க வந்தவள் நாச்சி, மீனவப் பெண். கடலைப் பார்த்த மதிலில் வெள்ளை காய்ந்ததும், அடுப்புக்கரியால் ஒரு பாய்மரத் தோணி வரைந்துவிட்டாள். அது கோட்டைத் தளபதி உக்கிரசேனர் கண்ணில் பட்டது. மந்திரி குழைக்காதருக்குக் கிடைக்கிற மரியாதையைப் பார்த்துப் பல வருஷமாக வயிறெரிந்துகொண்டிருந்தவர் அவர். நம் புத்தியையும் காட்டுவோம் என்று நாச்சியைச் சபைக்கு இழுத்து வந்தார்.

தோணியின் மூக்கு கோட்டை வாசலைப் பார்க்கிறது, அப்படியென்றால் எதிரி வருகிறான். உள்ளே ஆளே இல்லை, அப்படியென்றால் வீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். இவள் உளவாளி, வரைந்த கையை வெட்ட வேண்டும் என்றார். ராஜாவும் தலையாட்டினான். கை போனால் எப்படிப் பிழைப்பது என்பதைத் தவிர வேறு எதுவும் நாச்சிக்கு ஓடவில்லை.

மந்திரி மறுத்துப் பேசவில்லை. அந்தத் தோணியில் எத்தனை கயிறு என்று தளபதி எண்ணிவந்து சொல்லட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். உக்கிரசேனர் ராஜாவைக் கும்பிட்டு, "போய் வருகிறேன் அரசே" என்றார்.

"இவரையும் பிடியுங்கள்" என்றார் மந்திரி. "வருகிறேன் என்று சபையிலேயே மிரட்டுகிறார்."

எல்லாரும் சிரித்தார்கள். தளபதிக்கு முகம் சிவந்துவிட்டது. "போகிறேன் என்றா சொல்வார்கள்? அப்படிச் சொல்லிக் கிளம்பினால் என் வீட்டுக்காரி அன்றைக்கு உலையே வைக்க மாட்டாள்."

மந்திரி நாச்சி பக்கம் திரும்பினார். "உன் வீட்டுக்காரர் எங்கேயம்மா?"

"கடலுக்குப் போயி பதினோரு நாளாச்சுங்கய்யா. மூணு நாள்ல வரவேண்டியவரு. நாங்க தோணியப் போற மாதிரி வரையவே மாட்டோம், வர்ற மாதிரிதான் வரைவோம்."

"ஆளை ஏன் வரையவில்லை?" என்று ராஜா கேட்டான்.

"அவரு மொகத்தக் கரியால போட மனசு வரல மகாராசா."

ராஜாவுக்குத் தன்மேலேயே வெட்கமாகிவிட்டது. தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினான். நாச்சியின் புருஷனைத் தேட அன்றைக்கே நாலு மரக்கலங்களை அனுப்பினான். அவன் வந்து சேரும்வரை அந்தப் படத்தில் ஒரு கோடுகூட அழியக்கூடாது, குடை பிடித்துக் காக்க வேண்டியவர் உக்கிரசேனர் என்று உத்தரவும் போட்டான். மழைக்காலம் வேறு.

முதல் நாள் தளபதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். இரண்டாம் நாள் நாச்சி பக்கத்தில் நின்று கடலையே பார்த்தாள். வேறு வேலையில்லாமல் அவரும் பார்த்தார். பாய் என்ன நிறம் என்று மெல்லக் கேட்டார். காவி, மேல் மூலையில் ஒரு ஒட்டு என்றாள்.

மூன்றாம் நாள் மதியம், கொட்டுகிற மழையில், தளபதி "காவிப் பாய், மூலையில் ஒட்டு!" என்று கத்தியபடி குடையை வீசிவிட்டுக் கரையை நோக்கி ஓடினார். மதிலில் கரி கரைந்து வழிந்தது. நாச்சி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் பின்னால் ஓடினாள்.