வாய் நிறைந்த வெற்றிலையும் ஒரு விதித் திருத்தமும்

ஆற்றுக்குப் பாலம் கட்டத் தெரியாத முற்காலத்தில், நெடுந்துறை நாட்டைச் செங்கோடன் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன், ஆனால் நினைத்த மாத்திரத்தில் ஆணையிடுபவன். ஒருநாள் புலவர் ஒருவர் பேசுகையில் வெற்றிலைச் சாறு அவன் பட்டாடையில் தெறித்தது. உடனே ஆணை பிறந்தது: தாம்பூலம் தரித்த வாயோடு அவையில் பேசுபவர் ஒரு மாதம் எச்சில் துப்பும் படிக்கத்தைச் சுமக்க வேண்டும்.

அந்த ஆணையில் தமக்கொரு வழி கண்டார் கூத்தரையர். அவர் அரசவை உறுப்பினர். ஓடக்காரர் சங்கத்தின் தலைவரும் அவரே. ஓடக்காரர் இறந்தால் துறையில் ஓடம் விட அவருக்குரிய முறை மனைவியைச் சேரும் என்பது சங்கத்தின் பழைய விதி. அவ்வாறு ஓடம் செலுத்தி மூன்று பிள்ளைகளை வளர்த்துவந்தாள் மாசாத்தி. அவளுடைய முறையின்மேல் கூத்தரையரின் மைத்துனனுக்குக் கண்.

சங்க விதிகளை அரசன் முன்னிலையில்தான் திருத்த இயலும். எனவே கூத்தரையர் சங்க உறுப்பினர்களை அவைக்கு அழைத்தார், காரணம் கூறவில்லை. எல்லோருக்கும் தம் கையாலேயே தாம்பூலம் வழங்கினார். கன்னங்கள் உப்பியதும், பெண்களுக்கு இனி முறையில்லை என்னும் திருத்தத்தை மளமளவென்று படித்து, மறுப்பவர் பேசலாம் என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"இத்தனை ஒற்றுமையை நான் கண்டதே இல்லை" என்று மகிழ்ந்து மன்னன் முத்திரையிட்டான்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மாசாத்தி முறையிட்டாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டென்றார் அமைச்சர் நக்கண்ணர். மன்னனுக்குச் சினம் மூண்டது. நாளைக்குள் பிழையை மெய்ப்பிக்காவிட்டால் அமைச்சரே ஒரு மாதம் துடுப்புப் போட வேண்டும் என்றான்.

மறுநாள் அவையில் நக்கண்ணர், கிராம்பும் ஏலமும் வைத்து மடித்த பெரிய தாம்பூலமொன்றைக் கூத்தரையரிடம் பணிவோடு நீட்டினார். அமைச்சர் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று பூரித்து, அவர் அதை முழுதாக வாயிலிட்டார். அக்கணமே நக்கண்ணர் ஓலையை விரித்தார்.

"கூத்தரையரின் ஆசனம் இன்றுமுதல் மாசாத்திக்கு. கூத்தரையர் ஓராண்டு ஓடம் தள்ளுவார். மறுப்பிருந்தால் ஐயா இப்போதே கூறலாம்."

கூத்தரையரின் விழிகள் பிதுங்கின. "ம்... ம்ம்..."

"'ம்' என்கிறார், அரசே. முழுமனத்தோடு உடன்படுகிறார்."

மன்னன் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை சரிந்தது. அவனே படிக்கத்தை நீட்டினான். கூத்தரையர் துப்பிவிட்டுக் கதறினார்: "முன்கூட்டிச் சொன்னீர்களா? யோசிக்க விட்டீர்களா? வாயை அடைத்துவிட்டுச் சம்மதம் என்பதா?"

"நேற்று மாசாத்தி கேட்டதும் இதைத்தானே, ஐயா" என்றார் நக்கண்ணர்.

மன்னன் இரண்டு ஓலைகளையும் கிழித்தெறிந்தான். திருத்தம் எதுவாயினும் பதினைந்து நாள் துறையில் எழுதித் தொங்கவிட்டு, உரக்கப் படித்து, வெறும் வாயோடு இருப்பவரிடமே சம்மதம் கேட்க வேண்டும் என விதித்தான். நக்கண்ணருக்கு முத்துமாலை அளித்தான். கூத்தரையரின் திருத்தமும் அம்முறைப்படியே மீண்டும் சபைக்கு வந்தது. தாம்பூல வாயோடு 'ம்' என்றதற்குத் தண்டனையாகப் படிக்கத்தை ஏந்தி உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் சென்றவர் கூத்தரையரே. வாய்கள் காலியாயின, திருத்தம் தோற்றது.

சங்கம் நடத்தும் பெரியோரே, எதிரில் இருப்பவரின் மௌனத்தைச் சம்மதமென்று எழுதுமுன், அவர் பேச இடமிருந்ததா என்று பாருங்கள்.

மறுநாள் கூத்தரையர் அக்கரை செல்லத் துறைக்கு வந்தார். முறை மாசாத்தியுடையது. அவள் சிரித்தபடி வெற்றிலை மடித்து நீட்டினாள்.

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஓடம் எங்கே போகிறதென்று முதலில் சொல், அம்மா."