தனியாக இருந்த பெத்தணசாமியும் மூன்று சாட்சிகளும்

முதலில் வாயை விட்டது தவசிதான். இதை யாரும் மறந்துவிடக் கூடாது. பெத்தணசாமி மறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வார்டில், நர்சம்மாவும் பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்கும்படி, பெண்டாட்டியின் தம்பியான இந்தத் தவசி சொன்னான்: “எங்க மச்சான் மூட்டை தூக்கத்தான் லாயக்கு. வீட்டுல ஒரு நாள் தனியா விட்டா, கஞ்சிப் பானைக்கு வாய் எந்தப் பக்கம்னு தேடுவார்.”

குடல் முறுக்கிக்கொண்டு, வயிற்றைக் குறுக்கே அறுத்துத் தைத்துப் படுத்திருக்கிற மனிதரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? வார்டே சிரித்தது. சிரித்தால் தையல் வலிக்கும் என்பதால் சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

“தையல் பிரிக்கிற வரைக்கும் தனியா இருந்து காட்டுறேன். உங்க அக்காளையும் உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. இருந்து காட்டிட்டா என்ன செய்வே?” என்றார் பெத்தணசாமி.

“பஜார் முக்குல நின்னு, நாலு பேர் கேட்க, ‘நான் சொன்னது தப்பு மச்சான்’னு சொல்றேன். போதுமா?”

போதும். பெத்தணசாமிக்கு அந்த ஒரு வார்த்தை கிடைத்தால், அறுத்த இடத்தில் இன்னொரு தடவை அறுக்கக்கூடச் சம்மதம். பெண்டாட்டி அங்கம்மா, “நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டு, அவரை வீட்டில் கொண்டுவந்து படுக்கப் போட்டு, ஒரு பானை கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு நடையைக் கட்டினாள்.

டாக்டர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: கனம் எதையும் தூக்கக் கூடாது. தினமும் நடக்க வேண்டும். தும்மல் வந்தால் தலையணையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். பெத்தணசாமி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கேட்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்.

அவர் தனியாக இருக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் அவரோடு மூட்டை தூக்கும் இருளப்பனும் பூலோகமும் காளையும் வாசலில் வந்து நின்றார்கள்.

“வராதீங்கடா! நான் தனியா இருக்கேன்.”

“அது தெரிஞ்சுதான்ண்ணே வந்தோம்” என்றான் இருளப்பன். அந்தக் கூட்டத்துக்கே யோசிக்கிற வேலை அவனுடையது. “நீ தனியா இருந்தேன்னு நாளைக்கு யாரு சொல்றது? தவசி சாட்சி கேட்பானா இல்லையா?”

இது பெத்தணசாமிக்குத் தோன்றவே இல்லை. “உள்ள வாங்கடா” என்றார்.

“சாட்சி எதுலயும் கை வைக்கக் கூடாது” என்று இருளப்பன் மற்ற இருவரையும் எச்சரித்தான். “கை வச்சா உதவி ஆயிரும். அண்ணன் தோத்துரும்.”

மூவரும் சுவர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்து, அவர் தனியாக இருப்பதைக் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

பெத்தணசாமிக்குப் பசித்தது. கஞ்சி குடிக்கலாம் என்று எழப் போனார்.

“அசையாதேண்ணே!” என்று கத்தினான் இருளப்பன். “கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?”

“கஞ்சி என்னடா கனம்?”

“கஞ்சியை விடு. நீ என்ன கனம் இருப்பே?”

“ஒரு மூட்டைக்கு மேலயே இருப்பேன்.”

“அப்ப நீ எந்திரிச்சா, அந்த மூட்டையைத் தூக்குறது யாரு?”

ஆயுசு பூராவும் மூட்டை தூக்கியவர் பெத்தணசாமி. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் இந்தக் கணக்கில் அவருக்கு ஓட்டை தெரியவில்லை. மெல்லச் சாய்ந்து படுத்தார்.

“நல்ல வேளை சொன்னேடா. தினமும் காலையில இந்த மூட்டையைத் தூக்கித் தூக்கித்தான் குடலே முறுக்கியிருக்கு.”

கஞ்சி புளித்துப் போகுமே என்ற கவலை காளைக்கு. “நாம குடிச்சா உதவி ஆயிருமாண்ணே?” என்று இருளப்பனைக் கேட்டான்.

“அவர் பசிக்கு நாம குடிச்சா அவருக்கு என்னடா உதவி?”

சரியான பேச்சு. மூவரும் குடித்தார்கள். ஊறுகாய் எங்கே இருக்கிறது என்று பெத்தணசாமியே படுத்தபடி சொன்னார்.

வத்தல் கிட்டங்கியிலிருந்து நேராக வந்தவர்கள். உடம்பெல்லாம் நெடி. பூலோகத்துக்கு மூக்கு அரித்தது. “தலகாணி! தலகாணி!” என்று மற்ற இருவரும் பாய்ந்து, பெத்தணசாமியின் தலைக்கு அடியில் இருந்ததை உருவி, பூலோகத்தின் வயிற்றில் வைத்து அழுத்தினார்கள். அடுத்து இருளப்பன் தும்மினான். தலையணை அவன் வயிற்றுக்குப் போனது. பெத்தணசாமிக்குத் தும்மல் வந்தபோது அது காளையின் மடியில் இருந்தது. காளை தன் தும்மலுக்காகக் காத்திருந்தான். கிடைத்ததைக் கொடுத்துவிட மனமில்லை.

பெத்தணசாமி வெறுங்கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தும்மினார். வந்த வலியில், செத்துப்போன அவர் அப்பா ஒரு நிமிடம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“தலகாணியை யாரு வயித்துல வைக்கணும்னு டாக்டர் சொன்னாரா?” என்று காளை கேட்டான்.

சொல்லவில்லைதான்.

அடுத்து, நடக்கிற பேச்சு வந்தது.

“எந்திரிக்காம எப்படிடா நடக்கிறது?”

“நடக்கிறது காலு. கனமா இருக்கிறது உடம்பு” என்றான் இருளப்பன். “உடம்பை நாங்க தூக்கிக்கிறோம். நீ காலை மட்டும் ஆட்டு.”

“சாட்சி கை வைக்கக் கூடாதுன்னியே?” என்றான் பூலோகம்.

இருளப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தான். “சாட்சி வைக்கக் கூடாது. சுமைக்காரன் வைக்கலாம். தலையில துண்டு இருந்தா சுமைக்காரன். துண்டு இல்லேன்னா சாட்சி.”

மூவரும் வெளியே போய்த் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் மாதிரி உள்ளே வந்தார்கள்.

“சரக்கு எங்கே கிடக்கு?” என்று காளை விறைப்பாகக் கேட்டான்.

“இந்தா இருக்கேன்” என்றார் பெத்தணசாமி.

வாசலில் கிடந்த பெஞ்சில் போர்வையை விரித்து அவரைக் கிடத்தித் தூக்கினார்கள். அவர் மல்லாந்தபடி ஆகாயத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு தெருவில் போனார்.

“எங்கேண்ணே கிளம்பிட்டீங்க?” என்று டீக்கடை கனகமணி கேட்டாள்.

“சும்மா ஒரு நடை போயிட்டு வர்றேன் தாயி.”

பஜாரை நெருங்குமுன் கால் ஓய்ந்துவிட்டது. பெஞ்சின் ஆட்டத்தில் கண் சொக்கி அவர் தூங்கிப் போனார். வெயில் முகத்தில் அடிக்கிறதே என்று பூலோகம் போர்வையை இழுத்துத் தலை வரைக்கும் மூடினான். தலைத்துண்டுகளில் இருந்த வத்தல் தூள் வியர்வையோடு கண்ணில் இறங்க, மூவரும் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டு நடந்தார்கள்.

பஜார் பார்த்தது. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். “பாவம், ஆபரேசன் தாங்கலை போல” என்றது கூட்டம். பக்கத்துத் தெருவில் இருந்த தவசிக்குச் சேதி ஓடியது. அவன் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதறினான்.

“மச்சான்! நான் சொன்னது தப்பு மச்சான்!”

அதே பஜார் முக்கு. நாலு பேர் என்ன, ஊரே கேட்டது. பெத்தணசாமி படக்கென்று போர்வையை விலக்கினார்.

“பாதித் தூக்கத்துல சரியாக் காதுல விழலை. இன்னொரு தடவை சொல்லு.”

கூட்டம் தெறித்து ஓடியது. தம்பிக்குப் பின்னாலேயே அழுதுகொண்டு வந்த அங்கம்மா கண்ணைத் துடைத்துவிட்டு, “கஞ்சி குடிச்சீகளா?” என்று கேட்டாள்.

“சாட்சிக குடிச்சாங்க.”

அவள் திரும்பித் தம்பி வீட்டுக்கே போய்விட்டாள்.

தவசி நிமிர்ந்து வேட்டியை இறுக்கிக் கட்டினான். “அது செத்துப்போன மச்சானுக்குச் சொன்னது. உசுரோட இருக்கிற உங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லலை.”

“ஏய், சாட்சி இருக்குடா! இருளப்பா, உன் காதுல விழுந்துச்சுல்ல?”

இருளப்பன் தலைத்துண்டைத் தொட்டுப் பார்த்து வருத்தப்பட்டான். “விழுந்துச்சுண்ணே. ஆனா சுமைக்காரனாத்தான் விழுந்துச்சு.”

வீடு திரும்பும் வழி முழுக்க ஆலோசனை நடந்தது. செத்த மச்சானுக்குத்தான் சொல்வேன் என்றால், செத்த மச்சானையே கொண்டுபோய் நிறுத்த வேண்டியதுதான் என்று முடிவானது.

சாயங்காலம் தவசி வீட்டு வாசலில் பெஞ்சு இறங்கியது. பெத்தணசாமி நெஞ்சில் கையைக் கட்டி, மூச்சை அடக்கி, விறைத்துக் கிடந்தார். தவசி வெளியே வந்து குனிந்து பார்த்தான்.

“மச்சான், ஒரு கண்ணு திறந்திருக்கு.”

“அதை நீ கண்டுக்காதே” என்றது பிணம். “அது சாட்சி. நீ சொல்ல வேண்டியதைச் சொல்லு.”