காற்றை அளக்கும் பெட்டி

“டீச்சர், இந்தப் பெட்டி பொய் சொல்லுது.”

மாரப்பன் பெட்டியை மேஜைமேல் வைத்தார். வைத்த விதத்திலேயே கோபம் தெரிந்தது.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். “என்ன பொய் சொல்லுச்சுங்கண்ணா?”

“மொதல்ல இருபத்தொண்ணுங்குது. கொஞ்ச நேரத்துல இருபதுங்குது. அப்புறம் பத்தொம்பதுங்குது. காத்து என்ன, டேங்க்ல இருக்கற பெட்ரோலா, குறையறதுக்கு?”

வகுப்பில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

மாரப்பன் பஸ் டிரைவராக இருந்தவர். கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கு, ஊட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கு. தலை நரைக்கும் வரை அந்த ஒரே ரூட். ஓய்வு பெற்றதும், கோயம்புத்தூர் கணபதியில் ஜெசிந்தா நடத்திய கார் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் வந்து சேர்ந்தார். அவளுக்கு அவருடைய மகள் வயது.

“எதுக்குங்கண்ணா உங்களுக்கு இது?” என்று சேரும்போதே கேட்டாள்.

“இத்தனை வருஷம் புகையைப் பின்னால விட்டுட்டு, முன்னால பாத்தே ஓட்டிட்டேன். அந்தப் புகைக்குள்ள என்னதான் இருக்குன்னு ஒருக்கா தெரிஞ்சுக்கணும்ங்க.”

அந்தப் பதிலுக்காகவே அவரைச் சேர்த்துக்கொண்டாள்.

சேர்த்துக்கொண்டவள் ஒரு நாள் அவர் கையில் ஒரு கவரைக் கொடுத்தாள். உள்ளே ஒரு பச்சைப் பலகை, கைப்பிடி அளவு ரெசிஸ்டர்கள், கெபாசிட்டர்கள், எண்கள் தெரியும் ஒரு சின்னத் திரை, நீள ஒயருடன் ஒரு சென்சார். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து, ஈயத்தை உருக்கி சால்டர் செய்தால் பெட்டி தயார். சென்சாரை சைலன்சர் குழாயில் மாட்டினால், புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று திரையில் வரும். இன்ஜின் பெட்ரோலை அளவாகக் குடிக்கிறதா, அள்ளிக் குடிக்கிறதா என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

“சைலன்சர்ல மாட்டறதுக்கு முன்னாடி, சென்சாரை வெறும் காத்துல வெச்சுப் பாருங்க. இருபத்தொண்ணு காட்டணும். காத்துல நூத்துக்கு இருபத்தொரு பங்கு ஆக்சிஜன். அது மாறாது. அதை இது சரியாச் சொல்லிருச்சுன்னா, நாளையில இருந்து என்கூட பட்டறைக்கு வாங்க. வர்ற வண்டியை ரெண்டு பேரும் பாக்கலாம்.”

‘அது மாறாது’ என்று டீச்சர் சொல்லியிருந்தாள். பெட்டியில் மாறிக்கொண்டே இருந்தது.

“அது பொய் சொல்லுதா, உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லுதா?” என்று இப்போது கேட்டாள்.

மாரப்பனுக்குப் புரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அவர் மட்டும்தான். மனைவி ராஜாமணி, மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். அதற்குள் அவருடைய பழைய கார், கார் பக்கத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் சால்டரிங் அயர்ன்.

பெட்டிக்குக் காரின் பேட்டரியிலிருந்துதான் கரண்ட். சென்சார் நெருப்பாகச் சூடானால்தான் பேசும். அந்தச் சூட்டுக்கே பேட்டரி இறங்கிவிடும். அவ்வளவு பழைய பேட்டரி. அதனால் மாரப்பன் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே வேலை செய்தார்.

கவர் கைக்கு வந்த முதல் நாட்களில் ஷெட்டின் ஷட்டர் திறந்துதான் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் சும்மா இருக்காமல் தினமும் வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க டிரைவரே, ஸ்டியரிங்கை விட்டுட்டு ரேடியோ ரிப்பேர்ல எறங்கிட்டீங்களா? இன்னுமா முடியல?”

பெட்டியை முதல் தடவை ஆன் செய்வதற்கு முன்பே மாரப்பன் ஷட்டரை இறக்கிவிட்டார். பின்சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அது போதும் என்று நினைத்தார். புகை வாசம் அவருக்கு ஒரு வாசமாகவே தெரியாது. சட்டையிலும் தலையணையிலும் காலமெல்லாம் இருந்த வாசம்.

பலகையிலிருந்து எல்லாவற்றையும் கழற்றினார். புதிதாக சால்டர் வைத்தார். பெட்டியை ஆன் செய்தார்.

இருபத்தொன்று.

கை தட்டாத குறை. ஒரு பீடி பிடிக்கும் நேரம் போனது. இருபது. பார்த்துக்கொண்டே இருந்தார். பத்தொன்பது.

“அட நாயே,” என்றார் பெட்டியைப் பார்த்து.

மறுபடி கழற்றினார். இந்த முறை ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைப் படிப்பதே பெரும்பாடாக இருந்தது. பழுப்பா, சிவப்பா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சிவப்பு மாதிரியும் இருந்தது. எழுந்தார். எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோயிற்று. திரும்ப உட்கார்ந்தார். நெற்றியை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருந்தது.

வயசாயிருச்சு, அதுதான் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு தலைவலியைவிட மோசமாக வலித்தது. கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தபோதுகூட நடுங்காத கை, இப்போது ஒரு கடுகளவு ஈயத்தை உருக்க நடுங்கியது.

சாயங்காலம் ராஜாமணி போனில் கூப்பிட்டாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். சாப்பிட்டோமா இல்லையா என்று அவருக்கு நினைவில்லை. “சாப்பிட்டேன்” என்றார்.

அடுத்த வகுப்புக்கு மற்ற பையன்கள் வருமுன்னே போய் நின்றார்.

“டீச்சர், நம்மால முடியாதுங்க. இல்லைன்னா வேற கிட் குடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க.”

ஜெசிந்தா பெட்டியை வாங்கினாள். தன் மேஜையில் வைத்து இணைப்பைக் கொடுத்தாள். சென்சார் சூடாகும் வரை இருவரும் காத்திருந்தார்கள்.

இருபத்தொன்று.

மாரப்பன் திரையை முறைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. ஜெசிந்தா டீ வரவழைத்தாள். டீ குடித்து முடித்தார்கள். அப்போதும் இருபத்தொன்று.

“உங்க முன்னாடி மட்டும் உண்மை பேசுதுங்க.” என்றார் மாரப்பன்.

“உங்க முன்னாடி ஏன் பேச மாட்டேங்குதுன்னு அதுகிட்டயே கேட்டுட்டு வாங்க.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். மாரப்பன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மத்தியானம் ஷெட்டுக்குள் போய் ஷட்டரை முழுக்க இறக்கினார். இன்ஜினை ஓடவிட்டார். பெட்டியை ஆன் செய்துவிட்டு அதன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். கேட்கத்தானே சொன்னாள்?

“சொல்லு,” என்றார்.

இருபத்தொன்று.

“இதைத்தான் அங்கயும் சொன்னே.”

இருபது.

“இதை ஏன் அங்க சொல்லலே?”

பத்தொன்பது.

“நான் உனக்கு என்ன குறை வெச்சேன்? ரெண்டு தடவை பிரிச்சு மூணு தடவை கட்டினேன். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் லென்ஸ் வெச்சுப் பாத்தேன்.”

திரையில் இருந்த எண் இரண்டாகத் தெரிந்தது. இரண்டில் எது நிஜம் என்று தெரியவில்லை. அது மேலும் இறங்குவது போல இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியாமல் சிரித்தார். பிறகு அழுகை வந்தது.

யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.

எதிர்வீட்டுக்காரர்தான், வேடிக்கை பார்க்க வந்துவிட்டார் என்று எண்ணினார். “இப்ப வேலையா இருக்கேன்!” என்று கத்தினார். கத்தியதாக நினைத்தார். வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

“அண்ணா! ஜெசிந்தா வந்திருக்கேன். உள்ள வண்டி ஓடுதுங்களா?”

“கொஞ்சம் இருங்க டீச்சர். இப்பத்தான் ஏதோ சொல்ல வருது.”

“ஷட்டரைத் திறங்கண்ணா!”

திறக்க வேண்டும் என்றுதான் எழுந்தார். முழங்கால் இரண்டும் யாருடையவோ போல மடங்கின. தரை கன்னத்தில் குளிர்ச்சியாகப் பட்டது. இங்கேயே கொஞ்சம் தூங்கலாம் என்று தோன்றியது.

ஷட்டர் கிறீச்சிட்டுக்கொண்டு மேலே போனது. வெளிச்சம் வந்தது. யாரோ அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து கால்களைத் தூக்கினார். இன்ஜின் சத்தம் நின்றது. அதுவரை அந்தச் சத்தம் இருந்ததே, நின்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். முகத்தில் மாஸ்க். மாஸ்க்கிலிருந்து ஒரு குழாய் சுவர் வரை போனது.

பக்கத்தில் ஸ்டூலில் ஜெசிந்தா. தலைமுடி கலைந்திருந்தது. சுடிதாரில் ஷெட்டின் கரி.

“ராஜாமணி அக்கா திருப்பூர்ல பஸ் ஏறிட்டாங்க, வந்துருவாங்க. டாக்டர் பாத்துட்டார். புகை ரத்தத்துல கலந்திருச்சாம். ரெண்டு நாள்ல சரியாயிரும்னார்.”

அவர் தலையசைத்தார்.

“கேள்வி கேக்கற ஜோர்ல உங்களை அனுப்பிட்டேன். எங்க வெச்சுப் பாக்கறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. காலைல பட்டறையைத் திறக்கும்போதுதான் உறைச்சுது. போன் பண்ணிட்டே இருந்தேன், எடுக்கல. அதான் வண்டியை எடுத்துட்டு வந்தேன்.” அவள் சுடிதாரின் கரியைத் தட்டினாள். “தப்பு என்மேலதாங்கண்ணா.”

அவள் சொன்னதில் பாதி அவர் காதில் விழவில்லை. மனசு இன்னும் பெட்டியிலேயே இருந்தது. மாஸ்க்கைக் கீழே இறக்கினார்.

“டீச்சர், எந்த ஜாயின்ட்லீங்க தப்பு?”

ஜெசிந்தா அவரையே பார்த்தாள்.

“மாஸ்க்கைப் போடுங்கண்ணா.”

“சொல்லிருங்க. எங்கயோ ஒரு இடத்துல விட்டுட்டேன். எந்த இடம்னு மட்டும் சொல்லிருங்க, இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது.”

“அது உங்ககிட்ட என்ன சொல்லுச்சு?”

“அதான் சொன்னனேங்க. இருபத்தொண்ணு, இருபது, பத்தொம்ப…”

“நம்பர் வேண்டாம். என்ன சொல்லுச்சு?”

மாரப்பன் யோசித்தார். நர்ஸ் வந்து குழாயைச் சரிபார்த்துவிட்டுப் போனாள்.

“காத்து குறையுதுன்னு சொல்லுச்சுங்க. நான் பிரிச்சுக் கட்டினேன். மறுபடியும் காத்து குறையுதுன்னுச்சு. மறுபடியும் பிரிச்சுக்…”

நிறுத்திவிட்டார்.



பிறகு கையைத் தூக்கி, மாஸ்க்கைத் தானே எடுத்து மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டார்.