நாண் மாட்டும் பக்கம்

"அம்மா, இந்த ரெண்டு வில்லுல எது குறி தப்பாதுங்க?"

மலையேறி வந்த சென்னிமலை கேட்ட முதல் கேள்வி இதுதான். மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஒரு கும்பிடுகூடப் போடவில்லை.

வேலாத்தா உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வந்தவனுக்குத் தன்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும்.

"உக்காருங்கண்ணா. மொதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணி அப்புறம் ஆகட்டுங்க. வில்லைப் பாருங்க."

இரண்டையும் அவள் முன்னால் வைத்தான்.

ஒன்று நெடுவில். ஆள் உயர மூங்கில். நாண் ஏற்றினால் ஒரே ஒரு வளைவு, அவ்வளவுதான்.

மற்றது கொக்கி வில். குட்டை. நுனி இரண்டும் எய்கிற ஆளை விட்டு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நிற்கும். வேகம் அதிகம். ரோஷமும் அதிகம். கை கொஞ்சம் நடுங்கினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

வில் என்றால் அந்த மலையில் வேலாத்தாவைத்தான் கேட்பார்கள். அவள் கையில் எப்போதும் நெடுவில். அவளிடம் கற்றவர்கள் கையிலும் நெடுவில். கொக்கி வில்லை அவள் தொடுவதே இல்லை, அதில் பெரிய சூட்சுமம் இருக்கிறது என்று கீழே பேசிக்கொண்டார்கள். சீடர்கள் இருக்கிறார்களே, குரு தும்மினால் அதற்கும் உரை எழுதுகிற கூட்டம்.

"நெடுவில்தான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க போதும். இந்தக் கொக்கி வில்லை இன்னிக்கே அடுப்புல வெச்சுருவேன்" என்றான் சென்னிமலை.

"அது மேல என்னண்ணா அத்தனை கோவம்?"

"முன்னெல்லாம் காத்துல ஆடற எலையை அடிக்குமுங்க. இப்ப எதிர்ல நிக்கற பன்னியை விட்டுருது. தினைக்காடு பூரா பாழு."

வேலாத்தா உலக்கையைச் சாய்த்து வைத்தாள். சரிவில் ஒரு பட்டமரம் நின்றது. அதில் சுண்ணாம்புப் பொட்டு.

"அடிச்சுக் காட்டுங்க."

நெடுவில்லை எடுத்தான். ஒரு நுனியைக் காலடியில் ஊன்றி, நடுவைத் தள்ளி, நாணை மேலே நகர்த்தி மாட்டினான். யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை. எய்தான். அம்பு கொஞ்சம் சோம்பலாகத்தான் போனது. ஆனால் பொட்டுக்குப் பக்கத்தில் குத்தியது. அடுத்ததும் அங்கேயே.

கொக்கி வில்லை எடுத்தான். அதில் நாண் ஏற்கெனவே இருந்தது. அம்பு விர்ரென்று போனது, மரத்துக்கு இடப்பக்கமாக. அடுத்ததும் இடப்பக்கம். அதற்கடுத்ததும் இடப்பக்கமே.

"பாத்தீங்களா? மாராயி போனதோட என் குறியும் போச்சுங்க" என்றான்.

"மாராயி யாரு?"

"என் வீட்டுக்காரிங்க. காய்ச்சல்ல போயிட்டா."

வேலாத்தா கொக்கி வில்லை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கீழ்ப்பக்கம் ஒரு முறுக்கு விழுந்திருந்தது.

"இதை எப்பண்ணா அவுத்தீங்க?"

சென்னிமலை மரத்தைப் பார்த்தான்.

"வேலை முடிஞ்சா நாணை அவுத்து வைக்கோணும், இல்லாட்டி வில்லு முறுகிரும். பச்சைப் புள்ளைக்கும் தெரியும். எப்ப அவுத்தீங்க?"

"அவுக்கலீங்க."

"ஏன்?"

"அவுத்தா மாட்டறதுக்கு யாரு இருக்காங்க?"

கொக்கி வில்லுக்கு நாண் ஏற்றுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் பிடியில் முட்டுக்கொடுத்து, இரண்டு நுனியையும் தன் பக்கம் இழுக்க வேண்டும். இரண்டு கையும் அதிலேயே போய்விடும். எதிரே நிற்கிறவர்தான் நாணின் காதை, அதன் முனையில் இருக்கிற வளையத்தை, வில்லின் நுனிப் பள்ளத்தில் மாட்ட வேண்டும்.

"நான் வளைப்பேன், அவ மாட்டுவா. கடைசியா மாட்டினதும் அவதான். தனியாச் சோறு திங்கறதுகூடப் பழகிருச்சுங்கம்மா. இது பழகலை."

பிறகு நாணின் காதைக் காட்டினான். அதன் மேல் தேன்மெழுகு பூசியிருந்தது. மெழுகில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. சின்ன விரல்.

"வெயில்ல வெச்சா உருகிரும்னு நெழல்லயே வெச்சிருந்தேனுங்க" என்றான்.

அப்போதுதான் அவன் எதற்காக மலையேறி வந்தான் என்று அவளுக்குப் புரிந்தது. தன் கையால் எரிக்க அவனுக்கு மனசு வரவில்லை. யாராவது எரிக்கச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் குரு.

"எரிக்க வேண்டாண்ணா. அவுத்துருங்க."

"என்னால ஆகாதுங்க."

"நான் வளைக்கறேன். நீங்க அவுருங்க."

"அந்தப் பக்கம் என் கை போனதே இல்லீங்க. அவ கை போன எடமுங்க அது."

"இருக்கட்டும். இந்த வில்லு நிமிரோணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

வேலாத்தா உட்கார்ந்தாள். முழங்காலை முட்டுக்கொடுத்து நுனிகளை இழுத்தாள். நாண் தளர்ந்தது. அவள் தோள் நடுங்கியது. இருந்தும் அவசரப்படுத்தவில்லை.

சென்னிமலை விரலை நீட்டினான், இழுத்துக்கொண்டான். மறுபடி நீட்டினான். காதைப் பள்ளத்திலிருந்து தூக்கினான்.

காய்ந்த மெழுகு நொறுங்கி உதிர்ந்தது.

அவன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். ஐம்பது தாண்டிய ஆம்பளை, மீசையெல்லாம் நனைய அழுதான். மலையில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அழுதிருப்பான்.

வேலாத்தா போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இந்தத் தடவை குடித்தான்.

அவிழ்த்த கொக்கி வில் எதிர்ப்பக்கமாகச் சுருண்டுகொள்ள வேண்டும். அதுதான் அதன் சுபாவம். இது சுருளவில்லை. நாண் இருக்கிற நினைப்பிலேயே கிடந்தது.

"திரும்புங்களா?" என்றான்.

"கொஞ்சம் திரும்பும்."

"முழுசா?"

"கொஞ்சம் திரும்பும்ண்ணா. உள்ள ஆணி இருக்கு, மாட்டி வெச்சுட்டு வாங்க."

குடிசைக்குள் போனான். சுவரில் ஆணி இருந்தது. அதற்குப் பக்கத்து ஆணியில் ஏற்கெனவே ஒரு கொக்கி வில் தொங்கிக்கொண்டிருந்தது. நாண் இல்லை. காலை மடக்கின நண்டு மாதிரி எதிர்ப்பக்கமாகச் சுருண்டிருந்தது. அதன் மேல் ஒட்டடை.

அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"இது யாரோடதுங்கம்மா?"

வேலாத்தா மறுபடி உலக்கையை எடுத்தாள். இரண்டு குத்து குத்தினாள். பிறகுதான் பதில் வந்தது.

"என்னோடதுதான்."

"நீங்க கொக்கி வில்லைத் தொட மாட்டீங்கன்னு சொன்னாங்களே?"

"தங்கச்சி மாட்டி விடுவா. அவளைக் கட்டிக்கொடுத்தாச்சு. கீழ்நாட்டுக்குப் போனவ திரும்பி வரலை."

"அப்ப அந்தச் சூட்சுமம்?"

"என்ன சூட்சுமம்? நெடுவில்லுன்னா நானே மாட்டிக்குவேன். அவ்வளவுதாண்ணா."

சென்னிமலைக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுபோனது.

"இத்தனை பேரு உங்ககிட்டப் படிக்க வந்தாங்க. ஒருத்தரைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"எல்லாரும் எங்கிட்டக் கேக்கத்தான் வந்தாங்க" என்றாள் வேலாத்தா. "நான் யாரைக் கேக்கறது?"

உலக்கை நின்றது.

"அப்ப என் கேள்விக்குப் பதில்? எது குறி தப்பாது?"

"எனக்குத் தெரியாதுண்ணா. இதை அடிச்சுப் பாத்து வருசமாச்சு."

சென்னிமலை ஒட்டடையைத் துடைத்தான். அவளிடம் நாணைக் கேட்டு வாங்கி, ஒரு காதை ஒரு நுனியில் மாட்டினான். அதுவரை தனியாகச் செய்துவிடலாம். பிறகு தரையில் உட்கார்ந்தான். முழங்காலை முட்டுக்கொடுத்து நுனிகளைத் தன் பக்கம் இழுத்தான். வில் முனகியது. இரண்டு கையும் அதிலேயே போய்விட்டன.

"மாட்டுங்கம்மா."

வேலாத்தா உலக்கையை வைத்துவிட்டு வந்தாள். எதிரே நின்றாள். நாணின் மற்ற காதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அண்ணா, நான் எப்பவும் வளைக்கற பக்கந்தான். எனக்கு மாட்டத் தெரியாது."

"நானும் இன்னிக்குத்தானுங்க அந்தப் பக்கம் வந்தேன்" என்றான் சென்னிமலை. "கிட்ட வாங்க. சொல்லித் தர்றேன்."