நரி தூங்கிய பால்வாடி

காட்டில் இரண்டு பால்வாடிகள் இருந்தன. எது நல்லது என்று பார்த்துவர, குட்டிகளைப் பெற்றவர்கள் நரியை அனுப்பினார்கள். எல்லாம் கெட்டது அங்கேதான்.

நரி மதியம் வயிறு நிறைந்த பிறகுதான் வேலைக்குக் கிளம்பும். முதல் நாள் ஓடைக்கரைப் பால்வாடி. அங்கே காக்கை டீச்சர். நரி சுவரோரம் சாய்ந்தது. முப்பது குட்டிகள் போட்ட கூச்சலில் கண் மூட முடியவில்லை.

"இது பால்வாடியா, சந்தையா?"

"பருந்து வந்தா யார் முதல்ல கத்துறதுன்னு விளையாடுதுங்க சார்."

"நல்ல விளையாட்டு. குறிச்சுக்கிறேன்."

மறுநாள் மேட்டுப் பால்வாடி. அங்கே மயில் டீச்சர். குட்டிகள் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தன. பேச வேண்டுமானால் கை தூக்க வேண்டும். டீச்சர் தலையசைத்த பிறகுதான் வாய் திறக்கலாம். மயில் பாய் விரித்தது. நரி பொழுது சாயும்வரை தூங்கியது. எழுந்து, பாறையில் கரியால் எழுதியது: 'மேடு முதலிடம்.'

எல்லாரும் குட்டிகளை மேட்டுக்கு மாற்றினார்கள். முயலும் தன் குட்டி பஞ்சுவை மாற்றியது.

"நீ போய்ப் பார்த்தியா முயலம்மா?" என்றது காக்கை.

"அதான் நரி சார் பார்த்துட்டாரே."

பத்து நாளில் பஞ்சு வீட்டிலும் வாயில் விரலோடு இருந்தது. என்ன ஒழுக்கம் என்று முயல் பூரித்தது.

ஒரு நாள் தாயும் குட்டியும் புல் மேய்ந்தன. மேலிருந்து பருந்து பாய்ந்தது. முயல் கடைசி நொடியில் முள்புதருக்குள் உருண்டது. உயிர் தப்பியது. முதுகில் ஒரு பிடி ரோமம் போனது.

"நீ பருந்தைப் பார்க்கலையா?"

"பார்த்தேம்மா. கை தூக்கினேன். நீதான் திரும்பவே இல்ல."



மறுநாள் மதியம் முயல் மற்றத் தாய்களையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனது. பாயில் நரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"சார் தினமும் ஆய்வுக்கு வர்றாரு. மெதுவாப் பேசுங்க" என்றது மயில்.

முயல் மெதுவாகப் பேசவில்லை. "புலி!" என்று அலறியது.

நரி பாயோடு எழுந்து ஓடியது. மயில் மரத்தில் ஏறியது. குட்டிகளில் ஒன்றும் நகரவில்லை. அத்தனையும் கை தூக்கிக்கொண்டு, மரத்து மேலே இருந்த டீச்சரைப் பார்த்தன.

 தாய்கள் அவரவர் குட்டியை வாரிக்கொண்டு ஓடைக்கரைக்கு நடந்தார்கள். போகிற வழியில் முயல் பாறையில் இருந்த கரி எழுத்தைக் காலால் தேய்த்துவிட்டுப் போனது.

பிள்ளையை விடும் இடத்தைப் பெற்றவர்தான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். முதலில் பார்க்காமல் விட்டதும், பிறகு பார்த்துச் சரிசெய்ததும், முதுகில் ரோமம் போன அந்த முயல்தான்.