முகம் தெரிந்த பத்துப் பலகைகள்

நூற்பாலை மாடியில் கழுவிய சூரியமின் பலகைகள் மங்கலாக இருந்தது மேலாளர் தர்மராசனுக்குப் பிடிக்கவில்லை.

"மெழுகு போட்டுத் தேய். என் முகம் தெரியணும்!" என்று பலகை கழுவும் செண்பகவல்லியை அதட்டினார். அவளும் பொழுது சாய்வதற்குள் பத்துப் பலகைகளைத் தேய்த்து முடித்தாள்.

மறுநாள் மின்சாரம் குறையவே, முதலாளி மாடிக்கு வந்தார்.

"மீதிப் பலகையை இவ தேய்க்கலைங்க. வேலையைவிட்டு நிறுத்திடலாம்," என்றார் தர்மராசன்.

"உங்க முகம் தெரியற பத்தையும் காட்டுங்க ஐயா," என்றாள் அவள்.

தர்மராசன் பெருமையாகக் காட்டினார். ஒவ்வொரு பலகையின் மின்சாரத்தையும் தனித்தனியாகக் காட்டும் மீட்டரில் குறைந்திருந்தவையும் அதே பத்துதான்.

"முகத்தைத் திருப்பிக் காட்டுற கண்ணாடி வெயிலையும் திருப்பி அனுப்பிடுதுங்க. மங்கலானதுதான் உள்ளே வாங்கிக்குது," என்றாள் செண்பகவல்லி.

"மெழுகு போடச் சொன்னது யாரு?" என்றார் முதலாளி.

செண்பகவல்லி குனிந்து துணியைப் பிழிந்தாள். அவள் காட்டிக்கொடுக்காததுதான் தர்மராசனை அதிகம் சுட்டது.

"நான்தாங்க," என்று தலைகுனிந்தவர், மெழுகைத் துடைக்க அவளிடமே துணி கேட்டார்.