ஒரு குளமும் இரண்டு குடங்களும்

பிள்ளைகளே, பெரியவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மிளகு மூட்டைகள் பொதிமாட்டின் முதுகில் ஊர் ஊராகப் போன காலத்தில், சேந்தன் என்றொரு மிளகு வணிகன் இருந்தான். அவன் மனைவி பெயர் நாச்சி. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தார்கள். வந்த வினையும் அதனால்தான்.

அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சின்னக் குளம். நாச்சி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த அல்லிக்கொடியும் மூன்று கெண்டை மீன்களும் அதில் இருந்தன. ஒரு கோடையில் அந்தக் குளம் ஒழுகத் தொடங்கியது.

"நீ கவலைப்படாதே நாச்சி, நான் பார்த்துக்கறேன்," என்றான் சேந்தன்.

கரையெல்லாம் சுண்ணாம்பு பூசினான். குளம் ஒழுகியது. அடியில் கல் பாவினான். குளம் ஒழுகியது. சுண்ணாம்பின் மேல் களிமண்ணைக் குழைத்து அப்பினான். அப்போதும் ஒழுகியது. எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று மட்டும் அவன் பார்க்கவே இல்லை.

எப்படிப் பார்ப்பான்? விடியற்காலையில் நாச்சி வாசலில் கோலம் போடும்போது அவன் தோட்டத்துக்குப் போவான். தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருக்கும். அவள் பார்த்தால் மனம் வாடுவாளே என்று கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து நிரப்பிவிட்டுக் கடைக்குப் போவான். கோலம் முடித்து நாச்சி எட்டிப் பார்க்கும்போது குளம் நிறைந்திருக்கும். பொழுது சாயுமுன், அவன் கடையிலிருந்து திரும்புவதற்குள், அவள் வந்து பார்ப்பாள். மறுபடி ஒரு சாண் இறங்கியிருக்கும். இத்தனை பாடுபட்ட மனுஷன் பார்த்தால் நொந்துபோவாரே என்று அவளும் நிரப்பி வைப்பாள்.

சாயங்காலம் இருவரும் கரையில் உட்காருவார்கள்.

"தண்ணி அப்படியே நிக்குதுங்க," என்பாள் நாச்சி.

"என் கைவேலை அப்படி," என்பான் சேந்தன், கொஞ்சமும் கூசாமல்.

இரவில் மட்டும் ஒழுகும் குளம் உண்டா என்று அவன் மண்டையைக் குடைந்துகொண்டான். பகலில் மட்டும் ஒழுகும் குளம் உண்டா என்று அவள் குடைந்துகொண்டாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அன்பு மிகுந்த அந்த அசடுகள் கேட்கவில்லை.

ஒரு மாதம் போயிற்று. ஒருநாள் விடியலில் சேந்தன் கிணற்றில் விட்ட குடம் சேற்றோடு வந்தது. கடையில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொழுது சாயுமுன்னே திரும்பி வந்தால், கிணற்றடியில் நாச்சி வெறுங்குடத்தோடு அழுதுகொண்டு நின்றாள்.

"நீங்க வருத்தப்படுவீங்களேன்னு ஒரு மாசமா நான்தான் ஊத்தினேன். இப்ப கிணறும் வத்திப்போச்சு. மீனெல்லாம் செத்துடுமே."

"நானும்தான் ஊத்தினேன் நாச்சி," என்றான் அவன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் வந்தது. குடங்களை ஓரமாக வைத்துவிட்டுக் குளக்கரையில் உட்கார்ந்தார்கள். எவ்வளவு இறங்குகிறதோ இறங்கட்டும், பார்த்துவிடுவோம் என்று.

முதல் நாள் தண்ணீர் இறங்கியது. இரண்டாம் நாள் இறங்கியது. மூன்றாம் நாள் மீன்களின் முதுகு வெளியே தெரிந்தது. நாச்சி கணவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாலாம் நாள் தண்ணீர் இறங்கவில்லை. அது நின்ற கோட்டுக்கு நேர் மேலே, களிமண்ணையும் சுண்ணாம்பையும் துளைத்துக்கொண்டு ஒரு வேர் எட்டிப் பார்த்தது. நாச்சிக்கு நிழல் வேண்டுமென்று சேந்தன் நட்ட மகிழமரத்தின் வேர் அது.

வேரை வெட்டினார்கள். அந்தப் பக்கக் கரையைத் தோண்டியெடுத்து, இருவரும் தோளோடு தோள் நின்று களிமண் மிதித்துப் புதிதாகக் கட்டினார்கள். மழை வந்தது. கிணறு ஊறியது, குளம் நிறைந்தது. ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. மூன்று மீன்களும் அல்லியிலைக்கு அடியில் ஓடி விளையாடின.

அன்று சாப்பிடும்போது சேந்தன் மெல்லத் தொண்டையைச் செருமினான்.

"நாச்சி, உன் ரசத்துல மிளகு ரொம்ப அதிகம்."

"எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து."

"எனக்கும்தாங்க நாக்கு எரியுது. மிளகு வியாபாரியாச்சே, உங்களுக்குப் பிடிக்கும்னு அள்ளிப் போட்டேன்."

அதனால் நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அன்பின் பேரில் மறைத்த குறை வளரும், மனம்விட்டுக் காட்டிய குறைதான் தீரும்.